கிராஜுவல் கன்னியம்மாள்

இன்றைக்கு அகப்பை. தேங்காய்ச் சிரட்டையில் மூங்கில் காம்பு செருகிய, விளிம்பு தேய்ந்துபோன பழைய அகப்பை. கன்னியம்மாள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு போகலாம். இடுப்பில் செருகிக்கொண்டும் போகலாம். ஆனால் அவள் பழந்துணியை உருட்டிச் சும்மாடு கட்டி, அதன்மேல் அகப்பையைக் குறுக்கே கிடத்தி, நெல்மூட்டை சுமப்பவளைப்போல ஒரு கையால் தாங்கிக்கொண்டு, பூவந்தாங்கல் தெருவின் நட்டநடுவில் நடக்கிறாள். தெரு என்பது பழக்கத்தில் வாயில் வருகிற சொல்தான். இரண்டு பக்கமும் இருந்த வீடுகளை இடித்துத் தள்ளிப் பல மாதமாகிறது. மண்மேடுகளுக்கு நடுவே நிற்பது அவளுடைய ஒரு வீடு, அதன் பின்னால் கீரைப்பாத்தி, அதற்கும் பின்னால் ஊர்க் கிணறு.

அவளுக்குப் பின்னால் ஒரு கூட்டமே வருகிறது. எல்லாரும் பெண்கள், எல்லார் இடுப்பிலும் குடம். அகப்பையைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒத்தாசைக்கு வந்தவர்கள்.

தெரு முடிகிற இடத்தில் முள்கம்பி வேலி. வழியை மறித்து ஒரு சவுக்குக் கழி. அதன் பக்கத்தில் மீசையை முறுக்கிவிட்ட வடக்கத்திச் சிப்பாய். அவனுக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு அவன் பேச்சு தெரியாது. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரே ஒரு சொல் இருக்கிறது.

"கிராஜுவல்?" என்கிறான் சிப்பாய்.

"கிராஜுவல்" என்கிறாள் கன்னியம்மாள், அகப்பையைத் தொட்டுக் காட்டி.

கழி மேலே போகிறது. அகப்பை முன்னே போக, தளும்பத் தளும்ப நிறைந்த குடங்கள் ஒவ்வொன்றாகப் பின்னே போகின்றன.

ஆவடிக்கும் பருத்திப்பட்டுக்கும் நடுவில் கன்னியம்மாளைத் தெரியாதவர்கள் குறைவு. கறுத்து, காய்ந்து, உயர்ந்த உடம்பு. மூக்கின் இரண்டு பக்கமும் பேசரி. காலையில் கீரைக்கூடையைத் தூக்கினால் ஆவடி ஸ்டேஷன் வரைக்கும், சந்தை நாளானால் பூந்தமல்லி வரைக்கும் அவள் குரல் போகும். சிறுகீரை, முளைக்கீரை, அரைக்கீரை மூன்றும் அவளிடம் இருக்கும். பேரம் பேசினால் விலை குறையாது. மனசு வந்தால் ஒரு பிடி கூடும், அவ்வளவுதான். கட்டைப் பிரித்துப் பார்த்துப் பழுப்பிலை தேடுகிற வாடிக்கைக்காரரிடம் மறுநாள் அவள் கூடையை இறக்கவே மாட்டாள். "கீரைய நம்பாதவன் இன்னாத்துக்குத் துன்னணும்?" என்று கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். கடைசியில் அவர்களே ஆள் அனுப்பிச் சமாதானம் செய்து கொள்வார்கள்.

அவளுக்குக் கெஞ்சத் தெரியாது. இது நல்ல குணமா கெட்ட குணமா என்று அவள் புருஷன் வேம்புலிக்கு இன்றுவரை தீர்மானமாகவில்லை. கோபம் வந்தால் கத்துவாள் என்று நினைக்க வேண்டாம். கத்துகிற குரலெல்லாம் கீரைக்கு. கோபத்துக்கு அவள் வைத்திருப்பது ஒரு சின்னச் சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கண்டால் வேம்புலி மாட்டைப் பார்க்கிற சாக்கில் எழுந்து போய்விடுவான்.

அந்தச் சிரிப்பை ஊரே பார்த்தது போன தை மாதம், பொங்கல் கழிந்த சமயத்தில். களத்துமேட்டில் எல்லாரையும் கூட்டியிருந்தார்கள். மடக்கு நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரத் துரை உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வீரராகவன் குடையோடு நின்றுகொண்டு, துரை சொல்வதைத் தமிழில் சொன்னார். சண்டை நடக்கிறது. பட்டாளம் இறங்க இடம் வேண்டும். பூவந்தாங்கல் முழுவதும் அந்த இடத்துக்குள் வருகிறது. எல்லாரும் உடனே காலி செய்ய வேண்டும். கள்ளிமேட்டில் ஆளுக்கொரு மனை அளந்து கொடுக்கப்படும். சாமான் ஏற்ற வண்டியும் வரும்.

கள்ளிமேடு என்றதும் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடி அடங்கியது. கள்ளியும் கல்லும் தவிர வேறு எதுவும் முளைக்காத மேடு அது. அடித்தால் பாறை. பக்கத்தில் தண்ணீர் என்றால் பருத்திப்பட்டு ஏரிதான்; கோடை வந்தால் அதுவும் சேறு. எல்லாருக்கும் தெரிந்த இந்த விஷயத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மடக்கு நாற்காலி அப்படி ஒரு மௌனத்தை உண்டாக்கியிருந்தது.

"தண்ணி?" என்றாள் கன்னியம்மாள்.

வீரராகவன் துரையிடம் குனிந்தார். துரை பதில் சொன்னார். நீளமான பதில்.

"கிணறு படிப்படியா வரும்மா" என்றார் வீரராகவன்.

"அத்தினி நீளமா பேசுனாரே அய்யா. நடுவுல ஒரு வார்த்தைய நாக்குல உருட்டிக்கினு உருட்டிக்கினு சொன்னாரே, அது இன்னா?"

"கிராஜுவல்னு சொன்னார்."

"அப்டின்னா?"

"படிப்படியா. கொஞ்சங் கொஞ்சமா. அவசரம் இல்லாம, ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா."

"நாங்க ஊட்டக் காலி பண்றதுக்கும் அதே வார்த்தையா சொன்னாரு?"

"இல்லம்மா. அதுக்கு உடனேன்னு சொன்னார்."

அப்போதுதான் அந்தச் சிரிப்பு வந்தது. வேம்புலி சுற்றுமுற்றும் பார்த்தான். கண்ணுக்கெட்டிய தூரத்தில் மாடு எதுவும் இல்லை.

"எங்ககிட்ட இருக்கறது போறதுன்னா உடனே. எங்களுக்கு வரவேண்டியது வர்றதுன்னா கிராஜுவல். நல்லா கீது அய்யா நாயம். நாங்களும் கிராஜுவலா போறோம்னு தொரைகிட்ட சொல்லு."

வெயில் உச்சிக்கு வந்திருந்தது. வீரராகவனுக்குப் பசி. ஏதோ ஒரு பெண்பிள்ளை பேச்சு, சொன்னால் துரை சிரிப்பார், கூட்டம் கலையும் என்று நினைத்து அவர் அதை அப்படியே இங்கிலீஷில் சொல்லிவிட்டார். துரை உண்மையாகவே சிரித்தார். எழுந்து, தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, கன்னியம்மாளைப் பார்த்து, "எஸ், எஸ், கிராஜுவல்!" என்றார். ஊர் முழுக்கக் கேட்டது. வேலியோரம் நின்ற சிப்பாய்களுக்கும் கேட்டது. தன் உத்தியோகத்தில் செய்த பெரிய தவறு எது என்று இன்றைக்கு வீரராகவனைக் கேட்டால், அந்த ஒரு வரியை மொழிபெயர்த்ததுதான் என்பார்.

மாசி பிறப்பதற்குள் மற்றவர்கள் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வண்டி வாசலில் வந்து நின்றால் ஏற்றத்தான் தோன்றும். வேம்புலியும் முதல் வண்டியிலேயே, தன் போர்வையையும் மாட்டையும் கூட்டிக்கொண்டு கள்ளிமேட்டுக்குப் போய்விட்டான். கன்னியம்மாள் மட்டும் வண்டிக்காரனுக்கு ஒரு செம்பு மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பினாள். பிறகு உள்ளே போய், உறியில் இருந்து ஒரு காலி சட்டியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். அன்றைய சாமான் அதுதான். மறுநாள் அந்தச் சட்டியின் மூடி.

கிராஜுவல் என்ற அந்தச் சொல்லை அவள் சும்மா விடவில்லை. வாங்கின பொருளைத் தட்டிப் பார்க்கிற வழக்கம் அவளுக்கு உண்டு. பூந்தமல்லிச் சந்தைக்குப் போன அன்று ஜாபர் அலியின் தையல் கடை வாசலில் கூடையை இறக்கினாள். ஜாபர் அலி பரங்கிமலைத் துரைமார்களுக்குக் கால்சட்டை தைத்துத் தைத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டவர். அவர்கள் பேச்சு அவருக்கு அத்துப்படி.

"பாய், கிராஜுவல்னா இன்னா? தொரைங்க எதுக்கெல்லாம் அத்தச் சொல்றாங்க?"

ஜாபர் அலி மெஷினை நிறுத்தினார். "அதுவா? தொப்பைக்குச் சொல்லுவானுங்க. 'பாய், தொப்பை கிராஜுவலா ஏறுது'ம்பான். அதுக்கோசரம் நான் மடிப்புல துணி உட்டுத் தைக்கணும். தலை வழுக்கையாறதுக்குச் சொல்லுவான். ஜுரம் எறங்கறதுக்கு டாக்டர் சொல்லுவாரு. இன்னும் கரெக்டா சொல்லணும்னா, செம்பரம்பாக்கம் ஏரிக்குள்ள எறங்கற மாரிம்மா. மொதல்ல கணுக்கால் வரைக்கும் தண்ணி, அப்பால முழங்கால், அப்பால இடுப்பு. எந்த எடத்துல ஆழம் ஆச்சுன்னு கேட்டா உனக்கே சொல்லத் தெரியாது. அதான் கிராஜுவல்."

"பசிக்குச் சொல்லுவானுங்களா பாய்? சோறு கிராஜுவலா வரட்டும்னு?"

"சோத்துக்கா? மணி அடிச்சா பிளேட்டு வந்து குந்திக்கினு இருக்கணும். இல்லாங்காட்டி தட்டு பறக்கும்."

"அதான பார்த்தேன்" என்றாள் கன்னியம்மாள். "தனக்கு வேணுங்கறதுக்குச் சொல்ற வார்த்தை இல்ல இது. அட்த்தவனுக்கு வேணுங்கறதுக்குச் சொல்ற வார்த்தை."

ஜாபர் அலி ஊசியில் நூல் கோத்தார். அன்றைக்குக் கீரைக்கட்டில் ஒரு பிடி கூடுதலாகவே இருந்தது.

அதற்குப் பிறகு அந்தச் சொல் அவள் வாயில் குடியேறிவிட்டது. தயிர் உறைவது கிராஜுவல். விதைத்த கீரை எழுந்து வருவது கிராஜுவல். வேம்புலியின் காது மந்தமாவது கிராஜுவல். ஆனால் சாப்பிடக் கூப்பிட்டால் மட்டும் எப்படியோ கேட்டுவிடுகிறது என்பாள். இருமலுக்குக் கஷாயம் கேட்டு வந்த முன்பு பக்கத்து வீட்டில் இருந்த குப்பம்மாவிடம், "குடி, கிராஜுவலா போவும்" என்று வைத்தியன் மாதிரியே சொல்லுவாள். இதெல்லாம் சரியான இடங்கள் என்பது அவள் கட்சி. இருமலும் தயிரும் தமக்குத் தோன்றின வேகத்தில் நடக்கிறவை; யாரும் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து அவற்றை நிறுத்தி வைக்கவில்லை. தண்ணீர் விஷயத்துக்கு வந்தால் மட்டும் குரல் மாறும். "தவிச்ச வாய்க்கு எவனாச்சும் கிராஜுவலா தண்ணி ஊத்துவானா? அந்த எடத்துல அந்த வார்த்த நிக்காதுடி. வழுக்கிக்கினு வுயும்."

அவள் கிளம்பாமல் இருப்பதற்குக் கீரைப்பாத்திதான் காரணம் என்று முதலில் எல்லாரும் நினைத்தார்கள். அப்படியில்லை என்பது கள்ளிமேட்டுப் பெண்களுக்குச் சீக்கிரமே புரிந்தது. கடைசி வீடு காலியானால் அந்தச் சவுக்குக் கழி நிரந்தரமாக இறங்கிவிடும். ஊர்க் கிணறு பட்டாளத்துக் கிணறாகிவிடும். கன்னியம்மாள் வீட்டில் ஒரு சட்டி மிச்சம் இருக்கிற வரைக்கும், அதை எடுத்துப் போக வழி திறந்தே இருக்க வேண்டும். எடுத்துப்போக ஒத்தாசைக்கு நாலு பேர் வருவதையும் யாரும் தடுக்க முடியாது.

ஆனால் ஒத்தாசைக்கு வருகிறவர்கள் தண்ணீர்க் குடத்தோடு ஏன் திரும்ப வேண்டும்? வீரராகவன் இதைத்தான் வந்து கேட்டார். அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னா அய்யா, படிச்சவங்க பேசற பேச்சா இது? புது ஊட்டுக்கு எவளாச்சும் வெறுங்குடம் எட்துக்கினு போவாளா? குடும்பம் வெளங்குமா? நெறகுடமாத்தான் போவணும். உங்க ஊட்ல பால் காய்ச்சனப்போ உங்க அம்மா வெறுங்குடமா தூக்கிக்கினு வந்தாங்க?"

வீரராகவன் வீட்டில் நிறைகுடம்தான் வந்தது. அதை அவரால் மறுக்க முடியவில்லை. கள்ளிமேட்டில் அத்தனை வீடும் புது வீடு; அத்தனை வீட்டுக்கும் தினம் ஒரு புதுக்குடித்தனம் போய்க்கொண்டே இருந்தது.

வேம்புலியின் நிலைமைதான் வேடிக்கை. அடுப்பு இருக்கிற இடம்தான் வீடு என்பது அந்தப் பக்கத்து வழக்கம். அடுப்பு பூவந்தாங்கலில், அவன் படுக்கை கள்ளிமேட்டில். இரண்டு வேளையும் சாப்பாட்டுக்கு வேலியைத் தாண்டி வருவான். சிப்பாய் அவனைப் பார்த்துச் சிரிப்பான். "எல்லாரும் போய்ட்டாங்க, நாம மட்டும் இன்னாத்துக்கு இந்த ரோதனை?" என்று ஒருநாள் சாப்பிட்டபடியே கேட்டான்.

"நாம இன்னா நாம? நான். நீதான் மொத வண்டியில போய்ட்டியே. சோத்தத் துன்னுட்டு உன் ஊருக்குப் போயா" என்றாள் அவள். குழம்பை மட்டும் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள். ஆனால் 'உன் ஊர்' என்ற சொல் அவனுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. அதற்கப்புறம் பல நாள் அவன் தலையை நிமிர்த்தாமலே சாப்பிட்டுவிட்டுப் போனான்.

சித்திரையில் வீரராகவன் நிஜமான கோபத்தோடு வந்தார். மேலிடத்தில் அவரைக் கேள்வி கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது. சைக்கிளை உருட்டிக்கொண்டு வெயிலில் வந்தவர், வாசலில் நின்று கத்த ஆரம்பித்தார். இது சர்க்கார் காரியம், இது விளையாட்டில்லை, போலீஸை அழைத்து வந்து தூக்கிப் போடச் சொல்வேன் என்றார். பாதியில் தொண்டை வறண்டு இருமல் வந்தது. கொஞ்சம் தண்ணீர் கொடு என்று கையைக் காட்டினார்.

கன்னியம்மாள் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் இருந்தது பச்சைக் குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடை. அதன் மூக்கில் இரண்டு சொட்டுத் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது.

"என்னம்மா இது?"

"தண்ணி அய்யா. குடிங்க. மிச்சம் கிராஜுவலா வரும்."

வீரராகவன் முகம் சிவந்தது. இருமலும் நிற்கவில்லை. அவர் பாலாடையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் குடத்தோடு நின்ற பெண்களைப் பார்த்தார். ஒருத்தியும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அவள் அவரை வெகுநேரம் நிற்க வைக்கவில்லை. பின்னால் மறைத்து வைத்திருந்த செம்பை நீட்டினாள். குளிர்ந்த கிணற்றுத் தண்ணீர், விளிம்பு வரை. அவர் அண்ணாந்து மடமடவென்று குடித்து முடித்தார்.

"ஊருக்கே இப்டித்தான் அய்யா தவிக்குது" என்றாள் பிறகு. "கெணத்தக் காட்டு. அன்னிக்கே நான் கடைசிச் சாமானத் தூக்கிடறேன். இது என் வாக்கு."

அவர் சைக்கிளில் ஏறிப் போனார். அடுத்த வாரம் கள்ளிமேட்டில் கடப்பாரைச் சத்தம் கேட்டது. கிணறு வெட்டுகிற ஆட்கள் வந்துவிட்டார்கள். பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் போய்ச் சுற்றி நின்று பார்த்தார்கள். குப்பம்மா கன்னியம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதாள். கன்னியம்மாளும் அன்றைக்கு மட்டும் கொஞ்சம் அசந்துவிட்டாள். உற்சாகத்தில் ஒரே நாளில் முறமும் உலக்கையும் சேர்ந்தே கள்ளிமேடு போயின.

அந்த உற்சாகம்தான் அவளுக்கு வினையாயிற்று. கிணறு ஒரு பக்கம் இறங்க, வீடு இன்னொரு பக்கம் வேகமாகக் காலியாயிற்று. அம்மி போயிற்று. உரல் போயிற்று, அதை உருட்டிக்கொண்டு போக மட்டும் நிஜமாகவே ஒத்தாசை தேவைப்பட்டது. உறி போயிற்று. ஆனி பிறந்தபோது வெட்டுகிறவர்களின் கடப்பாரை பாறையில் மோதி நின்றது. வெடி வைக்க வேண்டும் என்றார்கள். வெடிக்கு உத்தரவு வரவேண்டும் என்றார்கள். பிறகு ஒருநாள் ஆட்களைப் பட்டாளத்துச் சாலை போடக் கூட்டிப் போய்விட்டார்கள். துரையும் மாறிப்போய்விட்டாராம். புதுத் துரையிடம் வீரராகவன் கேட்டதற்கு என்ன பதில் வந்தது என்று அவர் சொல்லவில்லை, எல்லாரும் ஊகித்துக்கொண்டார்கள்.

கன்னியம்மாள் மறுபடி நிதானத்துக்கு வந்தாள். ஆனால் அள்ளிக் கொடுத்த பிறகு கிள்ளிப் பார்ப்பது போலத்தான் அது. ஆடியில் குடித்தனம் பெயரக் கூடாது என்று ஒரு மாதத்தைத் தள்ளினாள். அதற்கு வீரராகவனே வாயைத் திறக்கவில்லை. ஆடியில் அவரும் வீடு மாற்ற மாட்டார். ஆவணியில் துடைப்பம் போயிற்று, விளக்கு மாடத்து அகல் போயிற்று, இன்றைக்கு அகப்பை. இனி அந்த வீட்டில் மிச்சம் இருப்பது அடுப்புக் கல் மூன்றுதான்.

மறுநாள் முதல் கல் போயிற்று. இரண்டு கல்லையும் சுவரையும் கூட்டி, குப்பம்மாவிடம் இரவல் வாங்கின பானையை அண்டக்கொடுத்துச் சோறாக்கினாள். அதற்கடுத்த நாள் இரண்டாவது கல். அன்றைக்கு அடுப்பு எரியவில்லை. வேம்புலி பழைய சோற்றைத் தின்றுவிட்டு, ஒற்றைக் கல்லையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் குந்தியிருந்தான். கள்ளிமேட்டில் பெண்கள் வீட்டில் உள்ள அத்தனை பாத்திரத்திலும் தண்ணீர் நிரப்பி வைத்தார்கள். அண்டாவில், சட்டியில், மாட்டுத் தொட்டியில், சின்னச் சொம்புகளில்கூட. எத்தனை நாளைக்கு வரும் என்று விரல்விட்டு எண்ணினார்கள்.

மூன்றாவது கல் போகிற அன்று வீரராகவன் காலையிலேயே வந்துவிட்டார். கழிக்குப் பதிலாகப் போட ஒரு முள்கம்பிச் சுருளும், அதைக் கட்ட இரண்டு ஆட்களும் அவரோடு வந்திருந்தார்கள். அவர் முகத்தில் ஜெயித்தவனுடைய சந்தோஷம் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

"வாக்கு கொடுத்திருக்கேம்மா நீ" என்றார், தணிந்த குரலில்.

"குடுத்துக்கீறேன்" என்றாள் கன்னியம்மாள்.

சும்மாடு கட்டினாள். புகை ஏறிக் கறுத்த அந்தக் கல்லை, யார் கையையும் எதிர்பாராமல், தானே தூக்கித் தலையில் வைத்தாள். காலியான வீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெண்கள் நிறைகுடத்தோடு பின்னால் வந்தார்கள். சிப்பாய் "கிராஜுவல்?" என்று வழக்கம்போலக் கேட்டான். அன்றைக்குப் பதில் வரவில்லை. அவன் கழியைத் தூக்கிவிட்டு அவள் போகிற திசையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

கள்ளிமேட்டில் வேம்புலியின் குடிசைக்கு முன்னால் மற்ற இரண்டு கற்களும் கிடந்தன. நேரே போய் மூன்றாவதையும் அங்கே போட வேண்டியதுதான். அவள் அங்கே போகவில்லை. கிணறு தோண்டிய இடத்துக்குப் போனாள். குழிக்குள்ளே இரண்டு ஆட்டுக்குட்டிகள் ஏறுவதும் குதிப்பதுமாக விளையாடிக்கொண்டிருந்தன. அடியில் பாறை காய்ந்து வெள்ளையாகக் கிடந்தது.

"எறக்கும்மா, கனம்" என்றார் வீரராகவன். "வெடிக்கு எழுதியிருக்கேன். கிணறு வரும். எப்படியும் வரும்."

கன்னியம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். தலையில் கல்லோடு, ஒரு கையைக் குழியின் விளிம்பில் ஊன்றி, உள்ளே இறங்கினாள். ஆட்டுக்குட்டிகள் பதறி வெளியே தாவின. பாறைமேல் நிமிர்ந்து நின்றாள். எல்லாரும் பார்த்தார்கள். குழியின் விளிம்பு அவள் இடுப்புக்குச் சரியாக வந்தது.

"நல்லா பார்த்துக்குங்க அய்யா" என்றாள். குரல் உயரவில்லை. "கெணத்தக் காட்டு, கடைசிச் சாமானத் தூக்கறேன்னேன். கெணறு இடுப்பு வரைக்கும் வந்துக்கீது. நானும் இடுப்பு வரைக்கும்தான் வந்துக்கீறேன். கழுத்து வரைக்கும் தண்ணி வரட்டும். அன்னிக்கு இந்தக் கல்ல எறக்கறேன். இன்னிக்கு இது கடைசிச் சாமான் இல்ல. திரும்பிப் போற மொத சாமான்."

அவள் ஏறி வெளியே வந்தாள். வீரராகவன் அவளை நிறுத்தக் கையைத் தூக்கினார். செம்பை அண்ணாந்து குடித்த அந்தக் கைதான். அதைக் கீழே போட்டார். கம்பிச் சுருளோடு வந்த ஆட்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் கள்ளிச்செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்த வழியே கல் திரும்பிப் போயிற்று. தண்ணீரை இறக்கிவிட்டுக் குடங்களும் திரும்பின, இந்தத் தடவை வெறுமையாக. பழைய வீட்டுக்குப் போக நிறைகுடம் வேண்டும் என்று எந்த வழக்கமும் இல்லை. வேலிக்கு அருகில் வந்தபோது சிப்பாய் குழம்பினான். சாமான் எப்போதும் அந்தப் பக்கம் இருந்து வரும். இன்றைக்கு இந்தப் பக்கம் இருந்து வருகிறது. அவன் கல்லைப் பார்த்தான். பின்னால் தூரத்தில் நிற்கிற இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். அங்கிருந்து ஒரு சைகையும் வரவில்லை.

"கிராஜுவல்" என்றாள் கன்னியம்மாள், அவன் கேட்பதற்கு முன்பே.

கழி மேலே போயிற்று.

வீட்டுக்குள் அடுப்படியில் மூன்று கல் இருந்த தடம் கறுப்பாக அப்படியே இருந்தது. அவள் குனிந்து, கல்லை அதன் பழைய தடத்தில் பொருத்தி, ஆடாமல் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள். பின்னால் வாசலில் யாரோ மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. கள்ளிமேட்டில் இருந்து இரண்டாவது கல்லைத் தோளில் சுமந்துகொண்டு வேம்புலி வந்து நின்றான். கன்னியம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. குந்தினபடியே, கையை மட்டும் பின்னால் நீட்டினாள்.